ஆம்ப்ளிஃபயருக்குப் பொட்டு வைத்தவர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மழை பெய்தது, மண் மணந்தது, மனதில் ஒரு வரி ஓடியது என்றெல்லாம் சொல்ல எனக்கு வழியில்லை. கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். விஜயதசமியன்று சாயங்காலம், பொத்தேரிக் கல்லூரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டிலிருந்து ஓனரின் குரல் தரையைப் பொத்துக்கொண்டு மேலே வந்தது.

"உன் கை பட்டு எதுடி வெளங்கிச்சு? வெளங்காத கை!"

கீழே கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டித்தான் படியேறி வந்திருந்தேன். அத்தனை பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தக் கத்தலைவிட இந்தக் கப்சிப்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. என் சிவப்புப் பேனா ஒரு பிள்ளையின் விடைத்தாளைக் கிழித்துவிட்டது. பாவம் என்று இரண்டு மார்க் கூடப் போட்டேன்.

மறுநாள் துணி காயப்போட மேலே வந்த ஓனரின் மனைவி என் ஜன்னலருகே நின்றார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"நீ கத எழுதுவ இல்ல சுஜி? இத எழுது."

"எதைக்கா?"

"கேட்டுச்சு இல்ல? அதான்."

இரண்டு நிபந்தனைகள் போட்டார். கதையில் தமக்கு நீளமான பெயராக வைக்க வேண்டும். நிஜப் பெயர் இரண்டே எழுத்து. கூப்பிடவும் திட்டவும் ரொம்ப வசதியாக இருக்கிறதாம். இரண்டாவது, தம்மை அழவைக்கக் கூடாது. "நான் அழுவல. பல்ல கட்ச்சிகினு வெங்காயம் நறுக்கினேன். வெங்காயத்துக்கு கண்ணுல தண்ணி வந்துச்சு. அத அழுததா போட்டுறாத."

அதனால் அவள் பெயர் கோகிலவாணி. ஓனருக்குத் தினகரன் என்று வைத்திருக்கிறேன்.

(* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அக்காவை 'அவள்' என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. 'அவர்' என்று எழுதிக் காட்டினேன். "யாரோ டீச்சர் மாதிரி கீது, அவள்னே போடு" என்றார். ஆகவே மாடிக்கு வருகிறவர் அக்கா, கதைக்குள் இருப்பவள் கோகிலவாணி. தினகரனுக்கு மட்டும் ஏன் 'ர்' போடுகிறாய் என்று கேட்காதீர்கள். நான் இருப்பது வாடகை வீடு.)

2

எப்படி ஆரம்பிப்பது?

"கோகிலவாணி அந்த ரிமோட்டைப் பார்க்கும்போதெல்லாம்—" [அடித்துவிட்டேன். 'பார்க்கும்போதெல்லாம்' என்று தொடங்கினால் வாக்கியம் முடிவதற்குள் யாராவது பெருமூச்சு விட்டாக வேண்டும்.]

"தினகரன் நல்ல மனிதர்தான், ஆனால்—" [இதையும் அடித்துவிட்டேன். இந்த 'ஆனால்'-க்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு எத்தனை பொம்பளைகள் நிற்பார்கள்? வரிசை பல்லாவரம் வரைக்கும் போகும்.]

"தினகரன் வாங்கிய ரிமோட்டில் பச்சையாக ஒரு பெரிய பொத்தான் இருந்தது." [இது இருக்கட்டும். பொய் இல்லாத வரி.]

தினகரன் வாங்கிய ரிமோட்டில் பச்சையாக ஒரு பெரிய பொத்தான் இருந்தது. அதை ஒரு முறை அழுத்தினால் சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் டிவி, அதன் கீழே செட்டாப் பாக்ஸ், கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெறும். கூடத்தின் நான்கு மூலையிலும் தொங்குகிற ஸ்பீக்கர்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். மறுபடியும் அழுத்தினால் எல்லாம் அணையும். முன்பெல்லாம் இதற்கு மூன்று ரிமோட். மூன்றும் கடையில் வந்த பிளாஸ்டிக் உறை கழற்றாமல், ரப்பர் பேண்டு போட்டு, ஒரு தட்டில் கிடக்கும். குரோம்பேட்டையிலிருந்து ஜீவானந்தம் என்கிற மெக்கானிக் வந்து மூன்றின் வேலையையும் இந்த ஒன்றுக்குள் ஏற்றிக் கொடுத்தார். பழையவை ஒரு பையில் கட்டப்பட்டுப் பரணுக்குப் போயின.

"இனிமே வூட்டுக்கு ஒரே ரிமோட்டு" என்றார் தினகரன். சோபாவில் அவர் உட்காரும் இடத்தின் வலப்பக்கக் கைப்பிடியில் அது இருக்கும். புதுசுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டார்.

அவருடைய தாத்தா காலத்தில் ஏரிக்கரையில் நெல் போட்ட குடும்பம். வயல் மனையாயிற்று, மனை கட்டிடமாயிற்று. இப்போது மேடவாக்கம் ரோட்டில் டைல்ஸ் கடை. கடையின் காமிரா, பில் மிஷின், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் காலையில் ஆன் செய்து சாயங்காலம் அணைப்பவள் கோகிலவாணிதான். அங்கே அவள் கை பட்டு எதுவும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. வீட்டுக் கூடத்தில் மட்டும் அவள் கைக்கு மதிப்பில்லை.

ரிமோட்டை அமைத்துக் கொடுத்த அன்று ஜீவானந்தம் இரண்டு எச்சரிக்கைகள் சொன்னார். ஒன்று, எந்தப் பெட்டியையும் கையால் ஆன் பண்ணக் கூடாது. ஒன்று முன்னே ஒன்று பின்னே ஆகி ரிமோட்டின் கணக்குத் தப்பிவிடும். இதைத் தினகரன் கேட்டுக்கொண்டார். இரண்டாவது எச்சரிக்கை சொல்லும்போது அவருக்குக் கடையிலிருந்து ஃபோன் வந்துவிட்டது. அதைக் கேட்டவள் கோகிலவாணி. ஆம்ப்ளிஃபயர் முகத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, ரிமோட் அனுப்புவதை வாங்கிக்கொள்கிற கண் அதுதான், அதன் முன்னால் பொம்மை எதையும் வைக்காதீர்கள் என்றார் ஜீவானந்தம். அவள் உடனே அங்கிருந்த பித்தளைப் பிள்ளையாரை நகர்த்தி வைத்தாள்.

(இவர்களுக்கு ஒரு மகன் உண்டு. கதைக்குள் அவனுக்கு வேலை எதுவும் இல்லாததால் பெங்களூரில் ஒரு வேலை போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.)

3

மர்மக்கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு விஷயத்தை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோகிலவாணி வீடு முழுக்கத் துடைத்தாள். கண்ணாடி அலமாரியையும் துடைத்தாள். பூஜையன்று காலையில் எழுந்தபோது அவளுக்கு மாதவிலக்கு வந்திருந்தது. அவர்கள் பேச்சில், தூரம். தினகரனிடம் சொன்னாள். அவர் முகம் கோணியது. ஏதோ அவள் நாள் பார்த்து வரவழைத்துக்கொண்ட மாதிரி.

"சரி, பூஜ சாமான் எதையும் தொடாத. நானே பாத்துக்கறேன்."

பூஜை சாமானைத்தான் தொடக்கூடாது. தோசைக்கல்லைத் தொடலாம், அரிசி மூட்டையைத் தொடலாம், பாத்திரம் துலக்கலாம். தோசை வேண்டுமே!

ஆகவே அந்த வருஷம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு தினகரனே வீட்டைச் சுற்றி வந்தார். கார், பைக், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்தார். டிவியின் மூலையில் ஒன்று வைத்தார். ரிமோட்டின் முதுகில் உறையின் மேலேயே ஒன்று வைத்து, சாமி படத்தின் முன்னால் வைத்தார். கடைசியில் அலமாரிக் கண்ணாடியைத் திறந்து ஆம்ப்ளிஃபயருக்கு எங்கே வைப்பது என்று பார்த்தார். முன்பக்கம் முழுக்க எழுத்தும் எண்ணும். நட்டநடுவில் மட்டும் வட்டமாக, கறுப்பாக, விரல்நுனி அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. கம்பெனிக்காரனே பொட்டுக்கென்று ஒதுக்கிக் கொடுத்ததாக நினைத்துவிட்டார் போல. அங்கே ஒரு தடித்த சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமத்தை அழுத்தினார். தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார்.

நமக்குத் தெரிந்த வழக்கம்தான்: பூஜை போட்ட சாமானை அன்றைக்கு உபயோகப்படுத்தக் கூடாது. வைத்த பொட்டை அழிக்கவும் கூடாது. அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். அது காய்ந்தது. உதிரவில்லை.

4

விஜயதசமி சாயங்காலம் இந்தியா மேட்ச். தினகரன் தம்பி எத்திராஜையும் தங்கை புஷ்பலதாவையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்தன. கோகிலவாணி சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு இரண்டாம் நாள். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி.

"பாரு, ஒரே அமுக்கு" என்று தினகரன் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

டிவி வந்தது, படம் வந்தது. சத்தம் வரவில்லை. நான்கு ஸ்பீக்கர் வாங்கிய பிறகு டிவியின் சொந்த வாயை அவர் அடைத்து வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் எழுந்திருக்கவே இல்லை. மறுபடியும் அழுத்தினார். டிவி அணைந்தது. மறுபடியும் அழுத்தினார். டிவி வந்தது, இப்போது செட்டாப் பாக்ஸ் போய்விட்டது. வேகமாக அழுத்த அழுத்த ஒன்று வந்தால் ஒன்று போயிற்று. பிள்ளைகள் சிரித்தன. எத்திராஜும் சிரித்தார்.

"இன்னா அண்ணா, ரிமோட்டுக்கே ரிமோட்டு வேணும் போல கீதே."

தினகரனுக்குக் காது சிவந்தது. அப்போது பஜ்ஜித் தட்டோடு வந்த கோகிலவாணி, தட்டைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து ஆம்ப்ளிஃபயரின் பொத்தானைக் கையாலேயே அழுத்திவிடலாம் என்று கையை நீட்டினாள். பொட்டை அவள் கவனிக்கவில்லை. எப்படியாவது சத்தத்தை வரவைத்து இந்த ரகளையை நிறுத்தினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"தொடாத!"

கை அந்தரத்தில் நின்றது.

"முந்தாநேத்து ஈரத்துணியால தொடச்சவ நீதானே? அப்பவே நெனச்சேன். உன் கை பட்டு எதுடி வெளங்கிச்சு? வெளங்காத கை!"

மற்றவர்களுக்கு அது ஒரு சாதாரணத் திட்டு. எந்த வீட்டில் புருஷன் கத்தவில்லை? கோகிலவாணிக்கு மட்டும்தான் தெரியும், 'தொடாத' என்ற சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று. அவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்ததை வைத்து, அத்தனை பேர் நடுவே அவளை அடித்தார். விஜயதசமியன்று, எதைத் தொட்டாலும் விளங்கும் என்று ஊரே குழந்தைகளின் கையைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிற நாளில், அவள் கை விளங்காத கை.

[இந்த இடத்தில் "அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று உடைந்—" என்று எழுதத் தொடங்கினேன். அக்கா எட்டிப் பார்த்து, "ஒண்ணும் ஒடையல. அவரு வாய ஒடைக்கணும்னு தோணுச்சு" என்றார்.]

எப்படியோ படம் மட்டும் வந்து நின்றதும், எத்திராஜ் சத்தத்துக்காகத் தன் ஃபோனில் அதே மேட்சைப் போட்டு டிவி முன்னால் சாய்த்து வைத்தார். டிவியில் ஆள் அவுட்டாகிக் கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்து போன பிறகு ஃபோன் 'அவுட்' என்று கத்தியது. அப்படியே பார்த்துவிட்டுப் பாதியில் கிளம்பினார்கள். புஷ்பலதா போகும்போது, "அண்ணன் டென்ஷன்ல கீது, மனசுல வெச்சிக்காதீங்க அண்ணி" என்றாள். அண்ணனிடம் போய் அவள் ஒன்றும் சொல்லவில்லை. டென்ஷன் என்பது ஆண்களுக்கு மட்டும் வருகிற காய்ச்சல் போலும், பத்தியம் மட்டும் பெண்டாட்டி இருக்க வேண்டும்.

5

நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த கோகிலவாணி, கூடத்தைப் பெருக்கும்போது அலமாரிக் கண்ணாடிக்கு உள்ளே பொட்டைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி இருந்த இடத்தில் கறுப்பே தெரியவில்லை. ஜீவானந்தம் சொன்னது ஞாபகம் வந்தது. கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் போதும்.

நகத்தைக் கொண்டுபோனாள். சுரண்டாமலே கையை எடுத்துக்கொண்டாள்.

இங்கே எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இது என்ன குணம்? அந்தக் கணமே அவரைக் கூப்பிட்டுக் காட்டி, "இதோ பாருங்க, உங்க கைதான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டாமா? நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க வசனம். நல்ல வசனம். அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"காட்டினா இன்னா ஆவும்?"

"தெரிஞ்சுக்குவாரு இல்லக்கா."

"தெரிஞ்சிக்கினு, சொரண்டி போட்டுட்டு, 'சரி சரி, தட்டு வை'ன்னுவாரு. திட்டினது நாலு பேர் முன்னாடி. தொடைக்கிறது மட்டும் தனியாவா?"

அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். கோகிலவாணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விளங்காத கை என்ற சொல் யார் யார் காதில் விழுந்ததோ, அதே காதுகளில், அது அவள் கையல்ல என்பதும் விழ வேண்டும். நகை வேண்டாம், புடவை வேண்டாம். மன்னிப்பு என்ற சொல்கூட வேண்டாம். அவர் வாயால் 'நான்தான்' என்று ஒரு வார்த்தை.

"ஜீவானந்தம் ஞாயித்துக்கெழம வரேன்னுட்டாரு இல்ல? அன்னிக்கே எத்திராஜையும் புஷ்பாவையும் சாப்ட கூப்டுங்க. பாவம், பாதி மேட்சுல போனாங்க" என்றாள் கணவனிடம்.

தினகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சரிசெய்த கையோடு நான்கு ஸ்பீக்கரும் அதிர ஒரு படம் போட்டுக் காட்டினால், தம்பி சிரித்த சிரிப்புக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகும். "கரெக்டு. நீயே ஃபோன் போட்டு சொல்லு" என்றார்.

6

புரட்டாசி ஞாயிறு. கறி கிடையாது என்பதால் எத்திராஜின் முகம் வாசலிலேயே சுருங்கியது. கோகிலவாணி விடியலிலிருந்து நின்று வடை, அவியல், சாம்பார், சேமியாப் பாயசம் என்று தடபுடல் பண்ணியிருந்தாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு பாயசக் கிண்ணத்தோடு கூடத்தில் உட்கார்ந்த சமயம் ஜீவானந்தம் வந்தார். எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. அவளும் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரு காட்சியைப் பார்க்க இவ்வளவு ஆவலாக நின்றதில்லை.

ஜீவானந்தம் ரிமோட்டை வாங்கி அழுத்திப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். குனிந்தார். சிரித்துவிட்டார். பாவம், அவர் சிரிப்பில் ஒரு விஷமமும் இல்லை.

"சார், யாரு சார் இதுக்கு பொட்டு வெச்சது? இதான் சார் அதோட கண்ணு. கண்ண மூடி வெச்சிகினு எழுந்திரு எழுந்திருன்னா எப்டி சார் எழுந்திருக்கும்?"

கோகிலவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ, இப்போது.

புஷ்பலதா அவள் பக்கம் திரும்பினாள்.

"அட, நீங்களா அண்ணி? இம்மாம் பெரிய பொட்டி கீது, போயும் போயும் அங்கியா வெக்கணும்?"

எத்திராஜ் பாயசத்தைக் கீழே சிந்திக்கொண்டு சிரித்தார். "பொம்பளைங்க கையில சந்தனத்த குடுத்தா வுடுவாங்களா? எங்க வூட்ல இன்வெர்ட்டருக்கு பூ சுத்தி வெச்சிகீறா."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஜீவானந்தமும் அவளைப் பார்த்து, "பரவால்லக்கா, எல்லார் வூட்லயும் நடக்கறதுதான்" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

இது அவள் கணக்கில் இல்லை. பொட்டு என்றாலே பெண் கை என்று உலகம் முடிவு கட்டி வைத்திருக்கிறது என்பதை, நெற்றியில் பொட்டோடு நிற்கிற அவளே மறந்துபோயிருந்தாள். நான் வைக்கவில்லை என்று சொல்லலாம். பின்னே யார் வைத்தது என்பார்கள். அவர்தான் என்று சொல்லலாம். நீங்கள் இருக்கும்போது அவர் ஏன் வைத்தார் என்பார்கள். அதற்குப் பதில் ஒன்றுதான். அந்தப் பதிலை எத்திராஜ் முன்னால், வயசுப் பையன்கள் முன்னால், குரோம்பேட்டையிலிருந்து வந்திருக்கும் ஒரு மெக்கானிக் முன்னால் அவள் சொல்ல வேண்டும். தன் கை சுத்தம் என்று காட்ட வேண்டுமானால், அன்றைக்குத் தான் சுத்தமில்லை என்று ஒதுக்கப்பட்டதைக் கூடத்தில் வைத்து அறிவிக்க வேண்டும்.

தினகரனுக்கு இது முழுக்கத் தெரியும். அவர் ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

7

ஞாயிறு மாலை மாடிக்கு வந்து இதுவரைக்கும் சொன்ன அக்கா, இங்கே நிறுத்திவிட்டார். "மீதிய நீ எழுது, பாக்கறேன்" என்று போய்விட்டார். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ. தினகரன் ரிமோட்டைக் கீழே வைத்தார். "பொட்டு வெச்சது நான்தான். அன்னிக்கு இவள பேசினதும் தப்பு" என்றார். கூடம் வாயடைத்துப்போனது.

அக்கா படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்த ஆளு யாரு சுஜி? நல்லா கீறாரு. எங்க வூட்டாளு எங்க?"

முடிவு ஆ. கோகிலவாணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தாள். "அன்னிக்கு நான் தூரம். பூஜ சாமான தொடாதன்னு சொன்னதே உங்க அண்ணன்தான். பொட்டு வெச்சதும் உங்க அண்ணன்தான்" என்றாள். எத்திராஜ் மின்விசிறியை ஆராய்ந்தார்.

இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. எழுந்து நின்று நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை.

"தப்பு பண்ணது அவரு. அத நிரூபிக்கறதுக்கு நான் என் ஒடம்ப பத்தி ஊருக்கு சொல்லணுமா? அவரு சட்ட கசங்காம குந்திகினு இருப்பாரா?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

முடிவு இ. கோகிலவாணி அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கினாள். நேராகச் சமையலறைக்குப் போய்ச் சாம்பார் குண்டானுக்குள் போட்டு மூடி வைத்தாள்.

"சாம்பாரு இன்னா பண்ணுச்சு? காலைல இருந்து நின்னு வெச்சேன் அத."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நெஜத்துல என்னதான் ஆச்சுக்கா? அத சொல்லுங்க, அப்படியே எழுதிடறேன்."

அக்கா காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தார். அவருக்கு வந்திருந்த கோபம் இப்போது ஓனர் மேல் மட்டும் இல்லை என்பது அந்த உதறலிலேயே தெரிந்தது.

"மூணு எழுதின. ரெண்டுல நான்தான் எதுனா பண்ணணும். பேசணும், இல்ல புடுங்கணும். ஒண்ணுல அவரு திடீர்னு சாமியாயிட்டாரு. அவரு அவராவே அங்க குந்திகினு இருந்தாரே சுஜி, அத ஏன் எழுத மாட்ற? அன்னிக்கு எல்லாரும் என்னியே பாத்தாங்க. நீயும் என்னியேதான் பாத்துகினு கீற."

துணியை அள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

8

எழுதியதையெல்லாம் மறுபடியும் படித்துப் பார்த்தேன். அவள் கை, அவள் நகம், அவள் இடுப்பு வலி, அவள் மூச்சு, அவள் முந்தானை. முக்கியமான அந்த நேரத்தில் தினகரனுக்கு நான் கொடுத்தது இரண்டே வாக்கியம். அவள் பக்கத்தில் நின்று கதை சொல்கிறேன் என்று பெரிதாக நினைத்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தோடு சேர்ந்து நானும் அவளையே முறைத்திருக்கிறேன். இப்போது எனக்கு என் பேனாவின் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுத மாட்டேன். கேட்டும் பயனில்லை. அவள் என்ன செய்தாள் என்பதுதான் முடிவு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், அவளிடமிருந்து இனி ஒரு வார்த்தை, ஒரு அசைவு கிடைக்காது. செய்ய வேண்டிய அளவுக்குச் செய்துவிட்டாள். சமைத்துப் போட்டாள், ஆட்களைக் கூட்டி வைத்தாள், உண்மையை அலமாரிக்குள் அப்படியே பத்திரமாக வைத்திருந்தாள்.

நீங்களும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறீர்கள். புஷ்பலதாவுக்கும் எத்திராஜுக்கும் நடுவில், பாயில். ஜீவானந்தம் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது: யாரு சார் இதுக்கு பொட்டு வெச்சது? கேட்டதும் நீங்களும் சமையலறைக் கதவைத்தானே திரும்பிப் பார்த்தீர்கள்? என்ன சொல்லப் போகிறாளோ, அழப்போகிறாளோ, கத்தப்போகிறாளோ என்று?

போதும். அவளை விடுங்கள். கழுத்தைத் திருப்புங்கள், சோபாப் பக்கம். அவர் அங்கேதான் இருக்கிறார். சலவைச் சட்டை, நெற்றியில் திருமண். உறையின் ஓரத்தை நெருடிக்கொண்டிருக்கிறார். எத்திராஜின் சிரிப்பில் தாமும் லேசாகக் கலந்துகொள்ளலாமா என்று உதட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பார்க்கிறார். யாராவது பேச்சை மாற்றிவிடுவார்கள் என்று நம்புகிறார். பிள்ளைகளில் ஒன்று படம் போடுங்கள் என்று கேட்டுவிட்டால் தப்பித்துக்கொள்வார். கேட்கவிடாதீர்கள். நீங்களும் எதுவும் கேட்க வேண்டாம், திட்ட வேண்டாம். அவர் முகத்தை மட்டும் பாருங்கள். நீங்கள் திரும்பினால் புஷ்பலதா திரும்புவாள், அவள் திரும்பினால் எத்திராஜ் திரும்புவார். அவர் நிமிர்ந்து பார்த்தாலும் கண்ணை எடுக்காதீர்கள். வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறவரைக்கும் எடுக்காதீர்கள்.

பாயசம் ஆறினால் ஆறட்டும்.